அம்மாளைச் சாய்ந்து உட்காரச் சொன்னவர்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று பல வருடம் யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். பேனாவை எடுப்பேன், சாமி மாடத்தைப் பார்ப்பேன், மறுபடி பேனாவை வைத்துவிடுவேன். அம்மாளின் தேர் நின்ற விசயத்தில் நட்டு, டயர்க்கடை என்றெல்லாம் எழுதினால் குற்றமாகிவிடுமோ என்ற பயம்தான். போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு என் மனைவி சொன்னாள்: "நடந்ததத்தானே எழுதப் போறீங்க. ஆத்தாவும் அங்கதானே இருந்திச்சு. தப்பா எழுதினா அதுவே கையப் புடிச்சிக்கும். எழுதுங்க." இந்த வரி வரைக்கும் யாரும் கையைப் பிடிக்கவில்லை. ஆகவே மேலே போகிறேன்.

பதுளையிலிருந்து பண்டாரவளை வரைக்கும் உள்ள லொறிகளிலும், கதவுகளிலும், பலாப்பழங்களிலும் தட்டுசாமியின் சுத்தியல் படாதது ஒன்றுகூடக் கிடையாது. ஹாலிஎலவுக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவர் அவர். இடுப்பில் ஒரு சின்னச் சுத்தியல் எப்போதும் இருக்கும். லொறியில் ஏறுவதற்கு முன்னால் சுற்றி வந்து ஒவ்வொரு சக்கரத்தின் நட்டையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, காதைக் கொண்டுபோய் வைப்பார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைப்பார் இல்லையா, அந்த முகபாவம் அப்படியே இருக்கும்.

"டிங்குன்னா உண்மை பேசுது, தம்பி. டொக்குன்னா பொய் சொல்லுது" என்பார் என்னிடம்.

லொறியோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. கடையில் பாண் வாங்கினால் அந்த ரொட்டியையும் தட்டுவார். புதுச் சட்டி வாங்க யார் போனாலும் கூடப் போய், கடைக்காரர் அழுகிற வரைக்கும் தட்டுவார். ஒருமுறை எனக்கு இடுப்புப் பிடித்துப் படுத்திருந்தபோது பார்க்க வந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. கட்டிலின் நாலு காலையும் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. கட்டிலுக்குத்தான் சொகமில்ல" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். கட்டிலை மாற்றினேன். இடுப்பு சரியானது. அதை என் மனைவி இன்றைக்கும் நாலு பேர் இருக்கிற இடத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

அவருடைய மகளைப் பெண் பார்க்க வந்த கதை இன்னும் மோசம். மாப்பிள்ளையின் தகப்பனார் நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்துக்கொண்டிருக்கிறார். இவர் குனிந்து நாற்காலிக் காலைத் தட்டி, "கொஞ்சம் எந்திரிங்க சம்பந்தி, இந்தக் கால் சரியில்ல" என்றார். இன்னும் பேச்சே ஆரம்பமாகவில்லை, அதற்குள் சம்பந்தி. அந்த மனிதர் ரோசப்பட்டு எழுந்திருக்கவில்லை. பலகாரத் தட்டு வந்த நேரத்தில் நாற்காலி ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது. கீழே விழுந்தவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "இந்த வீட்லயே முடிச்சிருவோம். மனுசன் உள்ளத உள்ளபடி சொல்றாரு" என்றாராம்.

"இவ்வளவையும் தட்டுறாரே, ஒங்களையும் தட்டிப் பாப்பாராக்கும்" என்று என் மனைவி தட்டுசாமியின் சம்சாரத்தை ஒருநாள் சீண்டினாள்.

"தட்டச் சொல்லுங்க பாப்பம். எந்தப் பக்கமிருந்து சத்தம் வரும்னு அவருக்கே தெரியும்" என்றது அந்த அம்மா, கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டே.

இப்படிப்பட்ட மனிதர் வருடத்தில் ஒருநாள் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். அது எங்கள் மாரியம்மன் கோயில் தேர்த் திருவிழா நாள்.

எங்கள் தோட்டத்தில் மரத்தேர் கிடையாது. கொழுந்து லொறியின் பக்கப் பலகைகளைக் கழற்றி, மூங்கிலில் கோபுரம் கட்டி, கலர்த்தாள் ஒட்டி, பல்பு மாலை போட்டு, அம்மாளை மேலே எழுந்தருளச் செய்தால் அதுதான் தேர். முன்னால் வடக்கயிறு கட்டியிருக்கும். பெண்களும் பிள்ளைகளும் அதைப் பிடித்து நடப்பார்கள். லொறி ஆமை மாதிரிப் பின்னால் வரும். அதை ஓட்டுகிற பாக்கியம் தட்டுசாமிக்கு. காப்புக் கட்டியதிலிருந்து மீன், கருவாடு தொடமாட்டார். மஞ்சள் வேட்டி, வெறுங்கால். அந்தச் சீட்டில் உட்கார்ந்தால் மனிதர் முகம் குழந்தை முகமாகிவிடும்.

"மத்த நாளு நான் ஓட்டுறது எல்லாம் வயித்துக்கு, தம்பி. இது ஒண்ணுதான் எனக்கு" என்று ஒருமுறை சொன்னார்.

தேர் நின்ற அந்த வருடம் லொறியின் முன் டயர் இரண்டும் வழுக்கை விழுந்துபோயிருந்தன. பதுளை டவுனில் டயர்க்கடை வைத்திருக்கிற ஒரு முதலாளி, அம்மாளுக்கு நேர்த்திக்கடன் வைத்திருந்தவர், "புது டயர் ரெண்டும், மாட்டிக் குடுக்கிற வேலையும் என் உபயம்" என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் உபயம் என்றால் பேச்சே கிடையாது. ஒருவர் பூ உபயம் கொடுத்தால் பூவை எண்ணமாட்டோம். இன்னொருவர் பந்தல் உபயம் கொடுத்தால் ஓட்டை இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்கமாட்டோம். மழை பெய்தால் நனைந்துகொண்டே நன்றி சொல்வோம். சாமிக்கென்று கொடுத்ததைச் சோதித்துப் பார்ப்பது கொடுத்தவரின் பக்தியைச் சோதிப்பது மாதிரி.

திருவிழாவுக்கு முதல்நாள் லொறி டயர்க்கடைக்குப் போனது. கோயில் கமிட்டித் தலைவரும் கூடப் போனார். முதலாளி அந்த நேரம் எங்கள் கோயிலில் பூசையில் நின்றார். கடையில் வேலையாட்கள் மட்டும்தான். வெளியில் வரிசையாக வாகனங்கள், எல்லோருக்கும் அவசரம். என்ன நடந்தது என்பதைத் தட்டுசாமி என்னிடம் சொன்னபோது, வீட்டில் இழவு விழுந்த மாதிரி குரல் தாழ்ந்திருந்தது.

"நட்டக் கையால புடிச்சி ரெண்டு சுத்துச் சுத்தி ஏத்தணும், தம்பி. அப்புறந்தான் மிசின். இவனுங்க நேரா காத்து மிசின வச்சி டர்ருன்னு விட்டுட்டானுங்க. ஒரு நட்டு கோணலா ஏறிச்சி. அழுதிச்சி, நான் கேட்டேன். அதுக்கப்புறமும் விடாம அமுக்குறான். ஸ்டட் தாங்குமா?"

ஸ்டட் என்பது சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருக்கிற இரும்புத் தண்டு. அதன் மரையில்தான் நட்டு ஏறும். கோணலாக ஏற்றினால் மரை செத்துப்போகும். அளவுக்கு மேல் இறுக்கினால் தண்டே உள்ளுக்குள் விரிசல் விட்டுப்போகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது, பிறகு தெரிந்துகொண்டது.

தட்டுசாமியின் கை அப்போதே இடுப்புக்குப் போயிருக்கிறது. தலைவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னா செய்யப் போற? உபயத்தத் தட்டிப் பாக்கப் போறியா? பிரசாதத்த உப்பு பாத்துத்தான் வாங்குவியா?"

"இல்லீங்க தலைவரே. ஆனா பிரசாதத்துக்குச் சக்கரம் இல்லீங்களே."

தலைவர் சுத்தியலைப் பிடுங்கித் தன் துணிப்பையில் போட்டுக்கொண்டார். திருவிழா முடியும் வரைக்கும் சக்கரத்தில் கை வைக்கமாட்டேன் என்று காப்புக் கட்டிய கையால் சத்தியமும் வாங்கிக்கொண்டார். சத்தியம் செய்தாகிவிட்டது. அன்று மாலைப் பூசையில் எல்லோரும் மூலஸ்தானத்தைப் பார்த்துக் கும்பிட, தட்டுசாமி மட்டும் வாசலில் நின்ற லொறியின் பக்கம் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். என் மனைவி முழங்கையால் இடித்துக் காட்டினாள். அதற்குள் இளந்தாரிகள் லொறியைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டிச் சக்கரத்தையே மறைத்துவிட்டார்கள். பெற்ற பிள்ளையை ஆஸ்பத்திரித் திரைக்குப் பின்னால் கொண்டுபோன மாதிரி அவர் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை தேர் புறப்பட்டது. லொறியில் டிரைவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக வருகிற அர்ச்சனைத் தேங்காய்களை வாங்கி மேலே பூசாரிக்கு அனுப்புவது கமிட்டியில் எனக்குக் கொடுத்த வேலை. ஆகவே நடந்த எல்லாவற்றையும் நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் தட்டுசாமி, "தம்பி, மேளத்தக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க" என்றார்.

"எதுக்கு அண்ணே?"

"கீழ யாரோ பேசுறாங்க."

தலையை வெளியே நீட்டி நிறுத்தச் சொன்னேன். தப்பு மேளம் நின்றது, நாதஸ்வரம் நின்றது. அவர் காதைச் சாய்த்தார். தலைவர் ஓடி வந்து, "யாரு நிறுத்தச் சொன்னது?" என்றார். மேளம் மறுபடி ஆரம்பித்தது. இன்னும் கொஞ்ச தூரம். மறுபடி நிறுத்தச் சொன்னார். மறுபடி தலைவர் ஓடி வந்தார். மூன்றாவது தடவை மேளக்காரரே என்னைப் பார்த்து, "என்னாங்க, அடிக்கவா வேணாமா? ஒரு முடிவு சொல்லுங்க" என்று கோபித்துக்கொண்டார்.

"ஸ்டியரிங்கப் புடிச்சிப் பாருங்க" என்றார் தட்டுசாமி. கை வைத்தேன். குளிர்காய்ச்சல்காரன் கையைப் பிடித்த மாதிரி உதறியது.

எங்களுக்கு முன்னால் பள்ளத்து முடக்கு இருந்தது. தேயிலை மலைக்குள் செங்குத்தாக இறங்கித் திரும்புகிற இடம். திருப்பத்துக்குக் கீழே தோட்டத்துச் சனம் குடியிருக்கிற லயத்துக் கூரைகள். வாசல்களில் கோலம் போட்டு, நிறைகுடம் வைத்து, சனம் தேரைப் பார்த்துக் காத்து நின்றது. வடம் பிடித்த பிள்ளைகள் லொறிக்கு முன்னால் இறக்கத்தில் கால் வைக்கப் போகிறார்கள். என் கடைசி மகளும் அந்தக் கயிற்றில்தான் இருந்தாள்.

தட்டுசாமி லொறியை நிறுத்தினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். இறங்கிப் போய்ச் சக்கரங்களுக்குக் கல் வைத்தார்.

"தேர் நின்னிருச்சு" என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். அம்மாள் நகர மறுக்கிறாள் என்று கூட்டம் முழுக்கப் பரவிவிட்டது. ஒரு பக்கம் சூடம், ஒரு பக்கம் தேங்காய். யார் செய்த குற்றம் என்று ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்தார்கள். தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் வருடக்கணக்காகப் பேசாமலிருந்த இரண்டு குடும்பத்தார், தங்களால்தான் தேர் நின்றது என்று பயந்து, ஓடி வந்து கட்டிப்பிடித்து ஒருவருக்கொருவர் திருநீறு பூசிக்கொண்டார்கள். பிறகு உண்மை தெரிந்தபோது சேர்ந்ததைத் திரும்பப் பிரிக்க அவர்களுக்கு வெட்கமாகிவிட்டது. இன்றுவரை ஒற்றுமைதான்.

தட்டுசாமி நேராக, என் ஜன்னலுக்குக் கீழே நின்ற தலைவரிடம் போய்க் கையை நீட்டினார்.

"சுத்தியலக் குடுங்க."

தலைவருக்குப் பக்கத்தில் டயர்க்கடை முதலாளி நின்றார். உபயகாரர் என்று காலையில் போர்த்திய பொன்னாடை இன்னும் தோளில் இருந்தது. தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "அவரு நிக்கிறாருய்யா. மானம் போயிரும். ஏறி ஓட்டு."

"ஓட்ட மாட்டேன்."

"சத்தியம் பண்ணியிருக்க."

"பண்ணுனேன். அதுக்கு ஆத்தா என்னா தண்டனை குடுத்தாலும் வாங்கிக்கிறேன். வடத்துல பிள்ளைங்க நிக்குது. குடுங்க."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. தலைவருக்குக் கோபத்தில் கழுத்து புடைத்தது. "சரி, குடுக்கிறேன். ஆனா ஆத்தா முன்னுக்குச் சொல்றேன், கேட்டுக்க. இன்னிக்கி நீ இதத் தட்டுனா, அடுத்த வருசம் தேருக்கு வேற டிரைவர்தான்."

தட்டுசாமி மேலே அம்மாளைப் பார்த்தார். பிறகு நான் உட்கார்ந்திருந்த பக்கம், தன் சீட்டைப் பார்த்தார். நீட்டிய கையை மடக்கவில்லை. தலைவர் பைக்குள் கையை விட்டுச் சுத்தியலை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

சிவப்புத் துணியை விலக்கி, முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினார். ஒரு தட்டு. டொக். அடுத்தது. டொக். மூன்றாவதைத் தட்டியதும் நட்டு, முறிந்த ஸ்டட் துண்டோடு சேர்ந்து கழன்று அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது. பல் விழுந்த மாதிரி. நாலாவதும் அப்படியே. மிச்சமிருந்தவை, போய்விட்டு வருகிறேன் என்று சொல்வதற்குத் தயாராக ஆடிக்கொண்டிருந்தன.

தட்டுசாமி அந்த இரும்புத் துண்டுகளை யார் முகத்துக்கும் நேரே நீட்டவில்லை. தோள் துண்டில் மடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

டயர்க்கடை முதலாளிதான் முதலில் அசைந்தார். தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து மடித்து என்னிடம் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். "அண்ணே, என் உபயம் இன்னும் முடியல" என்றார் தட்டுசாமியிடம். கடைக்குப் போன் போட்டு, ஸ்டட்டும் சாமானும் ஆட்டோவில் அனுப்பச் சொன்னார். போனில் வேலையாட்களை அவர் பேசிய பேச்சை, அம்மாள் முன்னிலையில் பேசியதாக இருந்தாலும், இங்கே எழுத முடியாது.

சாமான் வந்தது. இப்போது வேறொரு சிக்கல். ஜாக் வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கினால் மேலே அம்மாள் சாய்வாள். தேரில் ஏறிய சாமியை ஊர்வலம் முடியாமல் கீழே இறக்கவும் கூடாது. மேலேயிருந்து பூசாரி, "அம்மாள் சாயக்கூடாது. நான் ஒத்துக்க மாட்டேன்" என்று விக்கிரகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கமிட்டி நடுரோட்டில் கூட்டம் போட்டது. ஆளுக்கொரு சாத்திரம் சொன்னார்கள். வெயில் ஏறியது.

தட்டுசாமி லொறிக்கு முன்னால் போய் நின்று, வீட்டில் ஒரு பெரிய மனுசியிடம் பேசுகிற மாதிரி, அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "ஆத்தா, கொஞ்ச நேரம் இந்தப் பக்கமாச் சாய்ஞ்சி ஒக்காந்துக்க. கீழ வேல கெடக்கு."

பூசாரி ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு, "சரி, கேட்டாச்சு. தூக்குங்க" என்றார்.

ஜாக் ஏறியது. அம்மாள் பூமாலையோடு மெல்லச் சாய்ந்தாள். பாவம், காலையிலிருந்து நிமிர்ந்தே இருந்தவள், அலுப்புத் தீரச் சாய்ந்துகொண்ட மாதிரியே இருந்தது. கும்பிட்டுக்கொண்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதலாளி புது டயர் விளம்பரத்தில் வருகிற மனிதர் மாதிரி இருந்தவர், கொஞ்ச நேரத்தில் கிரீசும் மண்ணுமாக ஆகிவிட்டார். முறிந்ததை மட்டுமில்லை, அந்தச் சக்கரத்தின் ஸ்டட் எல்லாவற்றையும் தட்டி எடுத்துப் புதிது போட்டார். மற்ற முன் சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தார். தட்டுசாமி பக்கத்தில் குந்திக்கொண்டு, ஒரு மாமியார் மாதிரி விடவே இல்லை.

"மொதலாளி, நட்டக் கையால ஏத்துங்க."

"ஏத்துறேன் அண்ணே."

"ரெண்டு சுத்து."

"சுத்துறேன் அண்ணே."

"பக்கத்துப் பக்கத்து நட்ட இறுக்காதீங்க. எதிர் எதிரா இறுக்குங்க."

"அண்ணே, நான் டயர்க்கடைதான் வச்சிருக்கேன்."

"தெரியுங்க. அதான் சொல்றேன்."

முடிந்ததும் முதலாளி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "தட்டிப் பாருங்க அண்ணே." தட்டுசாமி தட்டினார். ஒன்று தவறாமல் எல்லாம் டிங். கோயில் மணியைவிட அது எனக்கு இனிமையாகக் கேட்டது என்று எழுதினால் பூசாரி கோபித்துக்கொள்வார், எழுதவில்லை. தேர் பள்ளத்து முடக்கில் இறங்கி, நிறைகுடங்களை வாங்கிக்கொண்டு, நல்லபடியாக ஹாலிஎல போய்த் திரும்பியது.

ஆனால் தலைவர் சொன்ன சொல் அம்மாள் முன்னால் சொன்னது. அதைத் திரும்ப எடுக்க அவருக்கும் தெரியவில்லை, எடுக்கச் சொல்ல எங்களுக்கும் தைரியமில்லை. தட்டுசாமியும் கேட்கவில்லை. அந்த வருடம் முழுக்க அவர் தேரைப் பற்றிப் பேசவே இல்லை. பாணைக்கூடத் தட்டாமல் வாங்கிக்கொண்டு போனார். கடைக்காரரே கவலைப்பட்டு என்னிடம் விசாரித்தார்.

அடுத்த திருவிழா வந்தது. லொறி சோடிக்கப்பட்டு நிற்கிறது. அம்மாள் ஏறியாயிற்று. நானும் தேங்காய் வாங்க, போன வருடம் மாதிரியே இடப்பக்கச் சீட்டில் ஏறிவிட்டேன். தட்டுசாமி கூட்டத்தின் கடைசியில் வெள்ளைச் சட்டையோடு நிற்கிறார். யார் ஓட்டப்போகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அப்போது தலைவர், சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத எங்கள் தலைவர், கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வடம் பிடித்தவர்கள் கயிற்றைப் போட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கினார்கள். பூசாரி பயந்துகொண்டே அவருக்குச் சூடம் காட்டினார்.

தலைவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னார்: "வேற டிரைவர்னு சொன்னேன். சொன்னபடி வேற டிரைவர் ஒக்காந்தாச்சு. ஆத்தாவும் பாத்திருச்சு. இப்ப நான் ரிட்டயர் ஆகுறேன்." உடம்பை நகர்த்திக்கொண்டு என் பக்கமாக வந்து, என்னை ஜன்னலோடு நெரித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு வெளியே பார்த்துச் சத்தம் போட்டார். "எங்கய்யா அந்த மனுசன்? தட்டிட்டு வந்து ஏறச் சொல்லு."

தட்டுசாமி வந்தார். சக்கரத்துக்குப் பக்கத்தில் வெகுநேரம் குனிந்தே இருந்தார். ஏறும்போது துண்டால் முகத்தைத் துடைத்தார். "வேர்க்குது" என்றார். எங்கள் மலையில் அந்தக் காலை நேரத்துக்கு எல்லோரும் சுவெட்டர் போட்டிருந்தோம்.

அதற்குப் பிறகும் பல வருடம் அவர்தான் தேர் ஓட்டினார். இப்போது முழங்கால் முடியாமல் பண்டாரவளையில் மகள் வீட்டில் இருக்கிறார். நான் வெள்ளிக்கிழமை அர்ச்சனைக்குக் கொடுக்கும்போது என் வீட்டார் பெயர்களுக்குப் பிறகு அவர் பெயரையும் சொல்வேன். முதல் தடவை பூசாரி, "சொந்தப் பேரு என்னா? நட்சத்திரம் என்னா?" என்று கேட்டார். எனக்கு இரண்டும் தெரியாது. "தட்டுசாமின்னு சொல்லுங்க. ஆத்தாவுக்குப் பழக்கம்" என்றேன். அப்படியே சொல்கிறார்.

இதைப் படிக்கிறவர்கள் யாரிடமாவது சொல்லுங்கள். ஆனால் உங்கள் கையிலிருந்து ஒன்றும் சேர்க்காமல், ஒன்றும் எடுக்காமல், உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். தேரை நிறுத்தியது அம்மாள்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இறங்கிப் போய்ச் சுத்தியலைக் கேட்டது எங்கள் தட்டுசாமி. ஒருவரைச் சொல்லி இன்னொருவரை விட்டுவிடாதீர்கள்.